சல்யூட்டுக்கும் மரியாதைக்கும் இடையே: கொடி வணக்கத்தில் படைவீரரும் குடிமக்களும்

1. கேள்வி

2015 ஜனவரி 26 அன்று புதுடெல்லி ராஜபாதையில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் சில மணி நேரத்திலேயே பெரும் சர்ச்சையாக வெடித்தது. குடியரசு நாள் மேடையில் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியும் பிரதமர் நரேந்திர மோடியும் பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கரும் நெற்றிக்குக் கையுயர்த்தி சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார்கள். குடியரசுத் துணைத் தலைவர் ஹமீத் அன்சாரி கைகளைப் பக்கவாட்டில் இறுக்கி நேராக நின்றுகொண்டிருந்தார். அன்சாரி கொடியை அவமதித்துவிட்டார் என்ற குற்றச்சாட்டு சமூக ஊடகங்களில் பரவியது. அதே மேடையில் அமெரிக்க அதிபர் ஒபாமாவும் சல்யூட் அடிக்காமல்தான் நின்றார். அவரை யாரும் கேட்கவில்லை.

துணைத் தலைவரின் அலுவலகம் விளக்கம் அளித்தது. அணிவகுப்பு மரியாதையை ஏற்கும் முதன்மைப் பிரமுகரும் சீருடையில் இருப்பவர்களுமே சல்யூட் அடிக்க வேண்டும், சாதாரண உடையில் இருப்பவர்கள் நேராக நின்றால் போதும் என்பது அதன் சாரம். விதிப்படி அந்த விளக்கம் சரியானதே. முப்படைகளின் தலைவர் என்ற முறையில் சல்யூட்டை ஏற்கும் கடமை குடியரசுத் தலைவருக்கு உண்டு. துணைத் தலைவருக்கு அந்தக் கடமை இல்லை.

ஆனால் விதி தெளிவாக இருந்தும் இத்தனை பேருக்கு அது ஏன் தெரியவில்லை? சல்யூட் அடிப்பவரே நாட்டுப்பற்று உள்ளவர் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? படைத்துறை வணக்கம் குடிமக்களின் கொடி மரியாதைக்கு அளவுகோலாக முடியுமா? இக்கட்டுரை ஆராய விரும்புவது இதைத்தான்.

இது பற்றி இரண்டு கருத்துகள் பரவலாக உள்ளன. படைவீரரின் ஒழுங்கே குடிமக்களுக்கு முன்மாதிரி, ஆகவே எல்லோரும் அப்படியே வணங்க வேண்டும் என்பது ஒன்று. கொடி, கீதம், வணக்கம் எல்லாமே அதிகாரத்துக்குப் பணியப் பழக்கும் சடங்குகள் என்பது மற்றொன்று. இரண்டுமே படைவீரரின் சல்யூட்டையும் குடிமக்களின் மரியாதையையும் ஒரே பொருளாக எடுத்துக்கொள்கின்றன. இவை வேறு வேறு என்பதும், இரண்டுக்கும் இடையிலான கோடு அழிகிற இடம் பெரும்பாலும் பள்ளி மைதானம்தான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. சல்யூட் எங்கிருந்து வந்தது?

சல்யூட்டின் தோற்றம் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கதை இது: இடைக்கால ஐரோப்பிய வீரர்கள் எதிரில் வருபவருக்குத் தம் முகத்தைக் காட்ட இரும்பு முகக்கவசத்தை வலக்கையால் உயர்த்தினார்கள், அந்த அசைவே பின்னாளில் சல்யூட் ஆயிற்று. ஆயுதம் பிடிக்கும் கை வெறுங்கையாக இருப்பதைக் காட்டுவதே அதன் பொருள் என்பது இன்னொரு கதை. கேட்க நன்றாக இருக்கின்றன. ஆனால் கவசம் வழக்கொழிந்த காலத்துக்கும் சல்யூட் ஆவணங்களில் தென்படும் காலத்துக்கும் நடுவே நீண்ட இடைவெளி இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் சான்று எதுவும் இல்லை.

சான்றுள்ள விளக்கம் இத்தனை வீரம் நிறைந்தது அல்ல. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மேலோரைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவது பொதுவான நாகரிகம். படைவீரர்களும் அதிகாரிகளுக்கு அப்படியே செய்தார்கள். 1745இல் கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் படைப்பிரிவின் ஆணை ஒன்று இதை மாற்றியது. அதிகாரியைக் கடக்கும்போது தொப்பியைக் கழற்ற வேண்டாம், தொப்பிவரை கையை உயர்த்தித் தலைவணங்கினால் போதும் என்றது. 1762இல் ராயல் ஸ்காட்ஸ் படைப்பிரிவும் இதேபோல் ஆணையிட்டது. அது சொன்ன காரணம், அடிக்கடி கழற்றினால் தொப்பியின் வடிவம் கெட்டு அதன் சரிகை அழுக்காகிறது என்பது.

ஆக, சல்யூட் என்பது தொப்பி கழற்றும் பழக்கத்தின் சுருங்கிய வடிவம். குடிமை வாழ்வின் நாகரிகம் ஒன்றைப் படை எடுத்துத் தன் வசதிக்கேற்ப மாற்றிக்கொண்டது. அதை இன்று மீண்டும் குடிமக்கள்மேல் அளவுகோலாக வைக்கும்போது இந்த வரலாறு மறந்துபோகிறது.

3. படைக்குள் சல்யூட் செய்யும் வேலை

இந்தியாவின் முப்படைகளுக்கும் சல்யூட் ஒன்றல்ல. தரைப்படையில் வலக்கை பக்கவாட்டில் அரைவட்டமாக உயரும். விரல்கள் ஒட்டியிருக்கும், உள்ளங்கை எதிரில் இருப்பவருக்கு முழுதாகத் தெரியும், நடுவிரல் புருவத்தருகே நிற்கும். கை இறங்கும்போது குறுகிய வழியில் நேராக இறங்கும். கடற்படையில் உள்ளங்கை தரையைப் பார்க்கும். பாய்மரக் கயிறும் தாரும் பட்டுக் கறுத்த உள்ளங்கையை மேலதிகாரிக்குக் காட்டாதிருக்கவே இம்முறை என்று மாலுமிகளிடையே ஒரு விளக்கம் வழங்குகிறது. விமானப்படை நெடுங்காலம் தரைப்படை முறையையே பின்பற்றியது. 2006 மார்ச்சில் வெளியான அறிவுறுத்தலுக்குப் பிறகு அங்கே உள்ளங்கை தரைக்கு 45 பாகைச் சாய்வில் இருக்கிறது.

வடிவங்கள் மாறினாலும் மூன்றிலும் மாறாத சில நெறிகள் உண்டு. முதலாவது, இளையவர் முதலில் சல்யூட் அடிக்க வேண்டும், மூத்தவர் அதைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும். ஜெனரலே ஆனாலும் புதிய சிப்பாயின் சல்யூட்டைக் கண்டும் காணாதவர்போல் கடந்து செல்வது பிழை. இரண்டாவது, சல்யூட் ஆளுக்கு அல்ல, குடியரசுத் தலைவரின் பெயரால் அவர் ஏற்றிருக்கும் ஆணைப் பதவிக்கு உரியது. அவரைத் தனிப்பட்ட முறையில் மதிக்காத சிப்பாயும் அவர் தோளில் உள்ள நட்சத்திரங்களுக்கு சல்யூட் அடிக்கிறார். மூன்றாவது, அது சீருடையோடும் தொப்பியோடும் கட்டுண்டது. தொப்பி இல்லாத இந்தியப் படைவீரர் கையுயர்த்துவதில்லை; விறைப்பாக நின்று மரியாதை தெரிவிப்பார். பக்கவாட்டில் கைவைத்து நிற்பது படைக்குள்ளேயே ஒரு முழுமையான மரியாதை என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

இந்த மூன்று நெறிகளும் சேர்ந்து சல்யூட்டை ஓர் ஒப்பந்தமாக்குகின்றன. படையில் சேர்பவர் விரும்பிச் சேர்கிறார், உறுதிமொழி எடுக்கிறார், ஒரு படிநிலைக்குள் தன்னை வைத்துக்கொள்கிறார். அந்தப் படிநிலை ஒவ்வொரு நாளும் உயிரோடிருப்பதைக் கொடுத்து வாங்கும் சல்யூட் இருதரப்புக்கும் உறுதிப்படுத்துகிறது. குடிமக்களுக்கும் கொடிக்கும் இடையே இப்படியோர் ஒப்பந்தம் இல்லை. கொடி சல்யூட்டைத் திருப்பித் தருவதும் இல்லை. தேசிய அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தின்படி எந்த மனிதருக்கோ பொருளுக்கோ வணக்கமாகத் தேசியக் கொடியைத் தாழ்த்துவதே அவமதிப்பு.

திருப்பித் தரப்படாத வணக்கத்தின் இன்னொரு வடிவம் பீரங்கி மரியாதை. பிரிட்டிஷ் ஆட்சி இந்திய மன்னர்களுக்கு 21 குண்டு முதல் 9 குண்டு வரை படிக்கட்டு கட்டி வைத்திருந்தது. ஐதராபாத்துக்கும் மைசூருக்கும் 21, திருவிதாங்கூருக்கு 19, புதுக்கோட்டைக்கு 11. குண்டுகளின் எண்ணிக்கையே மன்னர்களின் ஆசையும் அச்சமுமாக மாறியது. யார் யாருக்கு எத்தனை என்பதைத் தீர்மானித்தவர் ஒருவரே. இங்கே வணக்கம் ஒப்பந்தமாக இல்லை, ஆளும் கருவியாகவே இருந்தது.

குடியரசு இந்தியாவிலும் சல்யூட்டை ஏற்பவர் யார் என்பது அரசியல் கேள்வியாக எழுந்ததுண்டு. சுதந்திர நாளில் மாநிலத் தலைநகரங்களில் ஆளுநர்களே கொடியேற்றி வந்தார்கள். அந்த உரிமை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சர்களுக்கு வேண்டும் என்று 1974இல் தமிழக முதலமைச்சர் மு. கருணாநிதி பிரதமர் இந்திரா காந்தியிடம் கோரினார். கோரிக்கை ஏற்கப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் அவர் கொடியேற்றினார். மற்ற மாநில முதல்வர்களுக்கும் அந்த உரிமை கிடைத்தது. சல்யூட் பதவிக்கு உரியது என்ற படைத்துறை நெறியை மக்களாட்சிக்குப் பொருத்திக் காட்டிய நிகழ்வு இது.

4. கட்டாய வணக்கத்தின் வரலாறு

குடிமக்களை சல்யூட் அடிக்கவைக்கும் முயற்சிகள் இந்தியாவுக்குப் புதியவை அல்ல. 1919 ஏப்ரலில் ஜாலியன்வாலா பாக் படுகொலையை அடுத்துப் பஞ்சாபில் படையாட்சிச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. குஜ்ரன்வாலா மாவட்டத்தில் ஜெனரல் காம்பெல் ஓர் ஆணையிட்டார். ஐரோப்பிய அதிகாரிகள் எதிர்ப்பட்டால் இந்தியர்கள் வண்டியிலிருந்து இறங்க வேண்டும், விரித்த குடையை மடக்க வேண்டும், சலாம் செய்ய வேண்டும். மாணவர்களுக்குத் தனி ஆணை. அவர்கள் வெயிலில் அணிவகுத்து வந்து பிரிட்டிஷ் கொடிக்கு வணக்கம் செலுத்த வேண்டும். தொடக்க வகுப்புக் குழந்தைகளும் இதற்குத் தப்பவில்லை. இவையெல்லாம் பின்னர் ஹண்டர் விசாரணைக் குழுவின்முன் பதிவாயின.

இந்த ஆணைகளை இட்டவர்களின் நோக்கம் மரியாதையை வளர்ப்பது அல்ல, பணிவைக் கண்ணால் பார்ப்பது. அதற்கு மிக எளிதாகக் கிடைத்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்கப் பழக்கப்பட்டவர்கள், மறுத்துப் பேச முடியாதவர்கள்.

இதற்கு எதிர்த் திசையில் நடந்தவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1932 ஜனவரியில் திருப்பூரில் கொடியேந்தி ஊர்வலம் சென்ற குமரன் காவலர்களின் தடியடியில் வீழ்ந்து மறுநாள் உயிர்நீத்தார். கொடிகாத்த குமரன் என்று தமிழகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது. அதே மாதம் 26ஆம் நாள் பாஷ்யம் என்ற இளைஞர் காவல் மிகுந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி மூவர்ணக் கொடியைக் கட்டினார். 1923இல் நாக்பூரில் நடந்த கொடிப் போராட்டத்தில் கொடியோடு நடந்ததற்காகவே பலர் சிறை சென்றார்கள். இவர்களில் யாரும் எந்த ஆணைக்கும் கீழ்ப்படிந்து கொடியை மதிக்கவில்லை. ஆணையை மீறியே மதித்தார்கள். இந்தியக் கொடிக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே மக்களின் மரியாதை கிடைத்துவிட்டது.

அந்த மரியாதைக்குள் மறுக்கும் உரிமையும் இருந்தது. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை இன்றைய கொடியை ஏற்றபோது கைராட்டையின் இடத்தில் அசோகச் சக்கரம் வந்தது. ராட்டை இல்லாத கொடியைத் தாம் வணங்கப்போவதில்லை என்று அடுத்த மாதமே காந்தி வெளிப்படையாகச் சொன்னார். காந்தி கொடியை அவமதித்தார் என்று இன்று சொல்லத் துணிபவர் யாருமில்லை.

5. சட்டம் என்ன சொல்கிறது?

கொடி அவமதிப்பைத் தண்டிக்கும் சட்டத்தின் கதை சென்னையிலிருந்து தொடங்குவது பலருக்கு வியப்பாக இருக்கலாம். இந்தித் திணிப்பை எதிர்த்துத் தேசியக் கொடியை எரிக்கும் போராட்டத்தைப் பெரியார் 1955 ஆகஸ்ட் 1க்கு அறிவித்தார். முதலமைச்சர் காமராசர் உறுதிமொழி தந்ததும் அது கைவிடப்பட்டது. 1957 நவம்பர் 26 அன்று அரசமைப்புச் சட்டத்தின் சாதி தொடர்பான பிரிவுகளை எரிக்கும் போராட்டம் நடந்தது. அதை எதிர்பார்த்து அந்த மாதமே சென்னைச் சட்டமன்றம் தேசிய அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. மூன்றாண்டு வரை சிறை என்றது அது. நாடு முழுமைக்கும் பொருந்தும் மத்தியச் சட்டம் 14 ஆண்டுகள் கழித்து 1971இல்தான் வந்தது. அதிலும் தண்டனையின் உச்சவரம்பு மூன்றாண்டுதான்.

1971ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கூர்ந்து படித்தால் ஓர் உண்மை புலப்படும். கொடியை எரிப்பது, கிழிப்பது, மிதிப்பது, சிதைப்பது குற்றம். கீதம் பாடப்படுவதை வேண்டுமென்றே தடுப்பதும் பாடும் கூட்டத்துக்கு இடையூறு செய்வதும் குற்றம். ஆனால் சல்யூட் அடிக்காதிருப்பதோ பாடாதிருப்பதோ குற்றம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. கொடியை மாற்ற வேண்டும் என்று சட்டபூர்வமான வழியில் கோரி அதை விமர்சிப்பது குற்றமாகாது என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. இதைச் செய்யாதே என்கிற சட்டமே தவிர, இதைச் செய் என்கிற சட்டம் அல்ல இது.

செய்ய வேண்டியதைச் சொல்வது 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள கொடி நெறிமுறை. கொடி ஏற்றும்போதும் இறக்கும்போதும், அணிவகுப்பில் கொடி கடந்து செல்லும்போதும் அங்கிருப்போர் அனைவரும் கொடியை நோக்கி நேராக நிற்க வேண்டும், சீருடையில் இருப்பவர்கள் தமக்குரிய சல்யூட்டைச் செலுத்த வேண்டும் என்கிறது அது. அன்சாரி நின்றது இந்த விதிப்படியே. மேலும் இந்த விதி இடம்பெற்றிருப்பது நெறிமுறையின் மூன்றாம் பகுதியில். அரசுகளுக்கும் அவற்றின் அமைப்புகளுக்கும் உரிய பகுதி அது.

நெறிமுறையின் சட்டத் தகுதி என்ன என்ற கேள்விக்கு 2004 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. தம் தொழிற்சாலை வளாகத்தில் கொடியைப் பறக்கவிட்டதை அதிகாரிகள் தடுத்ததை எதிர்த்து நவீன் ஜிண்டால் தொடர்ந்த வழக்கு அது. மரியாதையோடு கொடியைப் பறக்கவிடுவது பேச்சுரிமையின் பகுதியாக ஒவ்வொரு குடிமகனுக்கும் உள்ள அடிப்படை உரிமை என்றது நீதிமன்றம். கொடி நெறிமுறை சட்டம் அல்ல, ஆனால் கொடியின் கண்ணியம் காக்கும் அதன் விதிகள் பின்பற்றப்பட வேண்டும் என்றும் சொன்னது. கொடியைப் பறக்கவிடுவது பேச்சுரிமை என்றால், கொடியின்முன் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதும் பேச்சின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. பேசும் உரிமைக்குள் பேசாதிருக்கும் உரிமையும் அடக்கம்.

6. பள்ளி மைதானம்: கோடு அழியும் இடம்

இதுவரை பார்த்ததில் கோடு தெளிவாக இருக்கிறது. சீருடைக்கு சல்யூட், குடிமக்களுக்கு நிமிர்ந்த நிலை. ஆனால் அதே நெறிமுறையின் இரண்டாம் பகுதியில் கல்வி நிலையங்களுக்கான வழிகாட்டல் ஒன்று இருக்கிறது. அதைப் படிக்கும்போது கோடு மங்கத் தொடங்குகிறது.

மாணவர்கள் சதுரத்தின் மூன்று பக்கங்களில் நிற்க வேண்டும். நான்காவது பக்கத்தில் கொடிமரம். வகுப்புத் தலைவர்கள் முன்னால் வந்து பள்ளி மாணவர் தலைவருக்கு சல்யூட் அடிப்பார்கள். அவர் தலைமையாசிரியருக்கு சல்யூட் அடிப்பார். தலைமையாசிரியர் அதைத் திருப்பித் தருவார். கொடி விரியும்போது மாணவர் தலைவரின் கட்டளைக்கு அணிவகுப்பு முழுதும் சல்யூட்டில் நிற்கும். பிறகு கீதம். உறுதிமொழி எடுப்பதாக இருந்தால் அது கீதத்துக்குப் பின் வரும்.

ஒரு படைமுகாமின் காலை அணிவகுப்பு அப்படியே சிறிதாக்கப்பட்டுப் பள்ளிக்குள் வந்திருக்கிறது. சல்யூட்டைத் திருப்பித் தரும் நெறிகூட விடுபடவில்லை. உறுதிமொழியின் அமைப்போ இன்னும் தொலைவிலிருந்து வந்தது. கொடிக்கும் அது குறிக்கும் குடியரசுக்கும் பற்றுறுதி கூறும் அந்த வாசகத்தை, 1892இல் பிரான்சிஸ் பெல்லமி எழுதிய அமெரிக்க உறுதிமொழியோடு ஒப்பிட்டால் உறவு மறையாது. இவையெல்லாம் கட்டாய விதிகள் அல்ல, வழிகாட்டும் மாதிரி மட்டுமே என்று நெறிமுறையே சொல்கிறது. ஆனால் நம் பள்ளிகளில் மாதிரிக்கும் விதிக்கும் வேறுபாடு பார்ப்பவர்கள் குறைவு. சல்யூட் அடிப்பதே கொடி மரியாதை என்று நம்மில் பெரும்பாலோர் கற்றுக்கொண்டது இந்த மைதானத்தில்தான். 2015இன் கோபத்துக்கும் வேர் இங்கேதான் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த அணிவகுப்பு இன்னொரு கேள்வியையும் எழுப்பியது. தேசிய மாணவர் படையில் கட்டளைகள் இந்தியில் தரப்பட்டன. 1968 ஜனவரி 23 அன்று அண்ணா தலைமையிலான அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில், அந்த இந்திக் கட்டளைகளைக் கைவிட வேண்டும் என்பதும் இடம்பெற்றது. அணிவகுப்பையோ கொடியையோ அந்தத் தீர்மானம் எதிர்க்கவில்லை. எந்த மொழியில் கட்டளையிடப்பட வேண்டும் என்பதையே கேட்டது. எழுந்த இடம் மட்டும் அதே மாணவர் அணிவகுப்பு.

7. நீதிமன்றங்கள் வரைந்த கோடு

கொடி, கீத மரியாதை தொடர்பான முதன்மையான வழக்குகள் அமெரிக்கா, இந்தியா ஆகிய இரண்டு நாடுகளிலும் பள்ளியிலிருந்தே எழுந்தன.

அமெரிக்கப் பள்ளிகளில் பெல்லமி உறுதிமொழியோடு கையைக் கொடியை நோக்கி நீட்டும் வணக்கமும் இருந்தது. ஹிட்லரின் வணக்கத்தை ஒத்திருந்ததால் 1942 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் அதை மாற்றி, நெஞ்சில் கைவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. யெகோவாவின் சாட்சிகள் சமயத்தைச் சேர்ந்த பிள்ளைகள் கொடி வணக்கத்தை மறுத்தார்கள். 1940இல் கோபைட்டிஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. தீர்ப்பை அடுத்து அந்தச் சமயத்தினர்மேல் நாடெங்கும் தாக்குதல்கள் நடந்தன. மூன்றே ஆண்டுகளில், 1943 ஜூன் 14 அன்று, பார்னெட் வழக்கில் அதே நீதிமன்றம் தன் நிலையைத் திருப்பிக்கொண்டது. நாடு உலகப் போரின் நடுவில் இருந்த நேரம் அது. அப்போதும், எந்த அதிகாரியும் நம்பிக்கையை ஆணையிட முடியாது என்று நீதிபதி ராபர்ட் ஜாக்சன் எழுதினார்.

இந்தியாவில் 1985 ஜூலையில் கேரளப் பள்ளி ஒன்றிலிருந்து அதே சமயத்தைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் நீக்கப்பட்டார்கள். தேசிய கீதம் பாடப்பட்டபோது அவர்கள் எழுந்து நின்றார்கள், பாடவில்லை. சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் பிரச்சினையை எழுப்பினார். விசாரணைக்கு அமைக்கப்பட்ட குழு, பிள்ளைகள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள், அவமரியாதை ஏதும் செய்யவில்லை என்று அறிக்கை தந்தது. ஆனாலும் நீக்கம் நடந்தது. பிஜோ இமானுவேல் எதிர் கேரள அரசு என்ற அவ்வழக்கில் 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அவர்களை மீண்டும் சேர்க்க ஆணையிட்டது. கீதம் பாடப்படும்போது மரியாதையோடு எழுந்து நிற்பவர் பாடவில்லை என்பதால் அவமதித்தவர் ஆகமாட்டார் என்பதே அதன் மையம். எழுந்து நிற்பது தன்னளவில் முழுமையான மரியாதை என்று இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்றது.

இந்தக் கோடு எப்போதும் உறுதியாக நிற்கவில்லை. 2016 நவம்பர் 30 அன்று ஷியாம் நாராயண் சௌக்சி வழக்கில் உச்ச நீதிமன்றமே திரையரங்குகளில் கீதம் இசைக்கப்பட வேண்டும், அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்று இடைக்கால ஆணையிட்டது. நிற்க முடியாத மாற்றுத்திறனாளிகள் அவமதிக்கப்பட்ட செய்திகள் வந்தன. நாட்டுப்பற்றைச் சட்டையில் அணிந்து காட்ட வேண்டியதில்லை என்ற பொருளில் நீதிபதி சந்திரசூட் அடுத்த ஆண்டு கேள்வி எழுப்பினார். 2018 ஜனவரி 9 அன்று திரையரங்குகளில் கீதம் இசைப்பது அவரவர் விருப்பம் என்று ஆணை மாற்றப்பட்டது.

2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு இன்னும் எளிமையானது. 2013 கிறிஸ்துமஸ் நாளில் கோவையில் நடந்த விழா ஒன்றில், மூவர்ணத்தில் இந்திய வரைபடமும் அசோகச் சக்கரமும் பொறித்த கேக் வெட்டப்பட்டது. அது அவமதிப்புக் குற்றமா? இல்லை என்றார் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ். வெளிப்படையான உடல் செயலை மட்டும் வைத்து நாட்டுப்பற்றை அளக்க முடியாது, செயலின் பின்னுள்ள எண்ணத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் காட்டிய அளவுகோல்.

8. எதிர்வாதங்கள்

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லத்தக்கவை உண்டு. முதலாவது, உணர்வு தானாக வராது, பழக்கத்தால் வரும். சிறு வயதில் சல்யூட் அடித்துப் பழகிய பிள்ளைக்கே பின்னாளில் கொடியின் பொருள் புரியும் என்பார்கள். பழக்கத்துக்கு வலிமை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. படை தன் ஒழுங்கை உருவாக்குவதும் பழக்கத்தால்தான். ஆனால் படையில் பழக்கத்தோடு காரணமும் கற்பிக்கப்படுகிறது. யாருக்கு, ஏன், எப்போது என்று கற்காத சிப்பாய் பயிற்சியில் தேறுவதில்லை. பள்ளியில் அசைவு மட்டுமே கற்பிக்கப்படுகிறது. காரணம் இல்லாமல் கற்ற அசைவுதான் பின்னாளில் அடுத்தவர் கையை எட்டிப் பார்த்துக் கோபப்படுகிறது.

இரண்டாவது, 1976இல் 42ஆம் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 51அ பிரிவு, கொடியையும் கீதத்தையும் மதிப்பதை அடிப்படைக் கடமையாக்கியிருக்கிறது. ஆனால் அப்பிரிவு மதிக்க வேண்டும் என்கிறதே ஒழிய மதிக்கும் முறையை வரையறுக்கவில்லை. அதை மீறியதற்காக மட்டும் ஒருவரைத் தண்டிக்கவும் முடியாது. அதே பிரிவு அரசமைப்பின் இலட்சியங்களை மதிப்பதையும் அதே வரியில் சொல்கிறது. அந்த இலட்சியங்களில் மனச்சான்றுரிமையும் ஒன்று.

மூன்றாவது வாதம் மறுதரப்பிலிருந்து வருவது. இந்தச் சடங்குகள் அனைத்துமே அடிமைப்படுத்துபவை, ஒழிக்கப்பட வேண்டியவை என்கிறது. 1919இன் குஜ்ரன்வாலாவை நினைத்தால் அதன் நியாயம் புரிகிறது. 1944 ஜூலையில் ஹிட்லர்மேல் நடந்த கொலைமுயற்சிக்குப் பின், ஜெர்மன் படையின் மரபான சல்யூட்டே நீக்கப்பட்டு நாஜி வணக்கம் கட்டாயமாக்கப்பட்டதும் அதற்கு வலுச்சேர்க்கும். ஆனாலும் திருப்பூர்க் குமரனும் பாஷ்யமும் இந்த வாதத்துக்குள் அடங்கமாட்டார்கள். இறந்த படைவீரரின் பெட்டிமேல் போர்த்திய கொடி தலைப்பக்கம் காவி இருக்குமாறு விரிக்கப்படுகிறது. எரியூட்டுவதற்கும் புதைப்பதற்கும் முன் அது எடுத்து மடிக்கப்படுகிறது. அதைக் கையில் வாங்கும் மனைவியோ தாயோ எந்த அதிகாரத்துக்கும் பணிந்து வாங்குவதில்லை. ஒரு சின்னத்தைக் கட்டாயத்தால் கெடுக்க முடியும் என்பதாலேயே அந்தச் சின்னம் பொய்யாகிவிடாது.

9. முடிவு

படைவீரரின் சல்யூட் விருப்பத்தோடு ஏற்ற ஒரு படிநிலையின் மொழி. அது திருப்பித் தரப்படும், பதவிக்கு உரியது, சீருடையோடு கட்டுண்டது. இந்தச் சூழலுக்கு வெளியே அதை எடுத்து வந்தால் எஞ்சுவது கையசைவு மட்டுமே. குடிமக்களின் கொடி மரியாதை வேறொரு வரலாற்றிலிருந்து வந்தது. ஆணையை மீறிப் பிறந்த அந்த மரியாதையைச் சட்டம் அவமதிப்பிலிருந்து காக்கிறது, கட்டாயத்தால் வளர்க்கவில்லை. 2015இல் குற்றம் சாட்டப்பட்டவர் விதியைச் சரியாகப் பின்பற்றினார். சாட்டியவர்கள் விதியை அறியாதிருந்தார்கள். சாதாரண உடையில் நிற்பவரை சல்யூட் அடித்தாரா என்று பார்த்து எடைபோடுவது சட்டப்படியும் தவறு, படைத்துறை நெறிப்படியும் தவறு.

திருத்தம் தொடங்க வேண்டிய இடம் பள்ளி. கொடியேற்றத்துக்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, படைவீரர் ஏன் சல்யூட் அடிக்கிறார், நாம் ஏன் நிமிர்ந்து நிற்கிறோம், பாடாமல் நின்ற மூன்று பிள்ளைகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்பதை ஆசிரியர்கள் சொல்லித் தரலாம். மாணவர் படை, சாரணர் படைச் சீருடையில் இருப்பவர்கள் தம் முறைப்படி சல்யூட் அடிக்கட்டும். மற்றவர்கள் நேராக நிற்கட்டும். அதுவே முழு மரியாதை என்று அனைவருக்கும் தெரியட்டும். இதற்குப் புதிய சட்டமோ சுற்றறிக்கையோ தேவையில்லை. 2002 முதல் நடைமுறையில் உள்ள நெறிமுறையை ஆசிரியர்கள் ஒருமுறை முழுதாகப் படித்தாலே போதும்.